மகள்நீர் ஒழித்த ஓலை

மழை தன் பருவம் மறவாதிருக்க. மண் தன் ஈரம் இழவாதிருக்க. ஆறு கடலைச் சேருமுன் ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போக.

தம் கணவர் விண்ணுலகு சென்ற நாள்முதல் தாழையாற்றின் மேல்நாட்டையும் கீழ்நாட்டையும் ஒரு குடைக்கீழ் ஆண்டுவரும், வேங்கைமூதூர் அரியணை அமர்ந்த பெருந்தேவி நங்கையாரின் திருவோலை. மேல்நாட்டுக் காவலரும், வானேந்தல் பேரேரிக்கு உரியவரும், தேவியாருடன் பிறந்த தமையனாருமாகிய சாத்தன் மருதனார் காண்க. தங்கள் மனையும் மாடு கன்றும் ஏரிக்கரை மருதமரங்களும் நலமாயிருக்க. அண்ணியார் நலமாயிருக்க. தங்கள் மகள் சீராள், எது தனக்கு நலமென்று அவள் நினைக்கிறாளோ அந்த நலத்தோடு இருக்க.

வாழ்த்து முடிந்தது. இதற்குப் பின் வழக்கப்படி கட்டளை வரவேண்டும். ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். தேவியார் சாளரத்தண்டை போனார், திரும்பி வந்து அமர்ந்தார், மறுபடியும் எழுந்தார். சொல்லி எழுதிய இதழ் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டுத் தாமே கிழித்தார். கட்டளைக்குக் காரணம் எழுதும் வழக்கமில்லையே என்று ஓலைநாயகம் பணிந்து சொன்னபோது தேவியார் மறுமொழி உரைத்தார்: "என் அண்ணன் காரணம் தெரியாத காரியம் எதையும் செய்தவரில்லை. செய்யவைத்தால் பாதி செய்வார். தண்ணீர் விஷயத்தில் பாதி என்று ஒன்று கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதும். பேசியவர்கள் பேச்சைச் செப்பம் செய்யவேண்டாம்." ஆதலால் இவ்வோலை நெடிது. தாங்கள் பொறுத்துப் படிக்க.

இளவரசர் நெடுவேளுக்குத் தங்கள் மகள் சீராளைக் கேட்டு, வெற்றிலையும் பட்டும் ஏந்தி அமைச்சர் ஆதன் கொற்றனார் வானேந்தலுக்கு வந்துபோனதும், தாங்கள் மகிழ்ந்து இசைந்ததும், வரும் வளர்பிறையில் நாள் குறித்ததும் எல்லாரும் அறிந்தவை. அத்தை மகனுக்கு மாமன் மகள் உரிமைப் பெண். கேட்டவரெல்லாம் நல்ல பொருத்தம் என்றார்கள். தேவியாரும் அமைச்சர் சொன்னபோது தலையசைத்தார். அசைத்த தலையை அன்றிலிருந்து தேவியாரால் நிலையாக வைத்திருக்க முடியவில்லை.

காரணம் தாங்கள் அறிவீர்கள். மேல்நாட்டுப் பெண் கீழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டால், தாரை வார்க்கும் அதே வேளையில் வானேந்தல் மதகில் அவள் பேரால் ஒரு கண் திறப்பார்கள். அந்தக் கண்வழி வரும் நீர் அவள் புகுந்த ஊருக்கு. அதற்கு மகள்நீர் என்று பெயர். மதகுக் கல்லில் வரிசையாக இருக்கும் கண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் உண்டு. அவள் உயிரோடிருக்கும் வரை அது ஓடும். அவள் இறந்த செய்தி பிறந்த வீட்டை அடைந்ததும் களிமண் வைத்து அடைப்பார்கள். எளிய குடிப்பெண்ணுக்குச் சிறிய கண். நாடாளும் குடிப்பெண்ணுக்குப் பெரிய கண். அவற்றுள் பெரியது நங்கை கண். வேங்கைமூதூர் குடிப்பதும் குளிப்பதும் அதைச் சுற்றிய ஊர்கள் விதைப்பதும் அந்த ஒரு கண்ணால்.

சென்ற பருவத்தில் மழை பொய்த்தது. ஏரி பாதிக்கும் கீழே இறங்கி, மேல்வரிசைச் சிறு கண்களெல்லாம் காற்றில் கிடக்கின்றன என்று மதகு காக்கும் நீராணிக்கர்கள் வந்து சொன்னார்கள். நங்கை கண் கீழ்வரிசையில் இருப்பதால் அது மட்டும் ஓடுகிறது. இந்தக் கோடையில்தான் தேவியாருக்கு இருமல் வந்தது.

முதலில் தேவியார் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறர் பொருட்படுத்தியதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அவையில் அவர் ஒருமுறை இருமினால் வேளாண் தலைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையில் வணங்க வருகிறவர்கள், முன்பெல்லாம் மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் பேசுகிறவர்கள், இப்போது தேவியார் இரவு நன்றாக உறங்கினாரா என்று கேட்டார்கள். ஆதித்தநெல்லூர்க் கிழவர் ஒருவர் வண்டி நிறையத் திப்பிலியும் தேனும் கொண்டுவந்து இறக்கி, "நாத்து விட்டிருக்கோம், தாயே. அறுப்பு முடியிற வரைக்குமாவது ஒடம்பைப் பாத்துக்கணும்" என்றார். அவர் கள்ளமில்லாமல் சொன்னார். அவையே சிரித்தது. தேவியாரும் சிரித்தார். அன்று உணவு இறங்கவில்லை.

தம்மை ஒரு ஊரே இப்படித் தாங்குவது எவ்வளவு பெரிய பேறு என்று தோழிகள் சொன்னார்கள். தேவியார் தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அரியணை ஏறிய நாளிலிருந்து அவர் நீதி சொல்லியிருக்கிறார். எல்லைத் தகராறு தீர்த்திருக்கிறார். பஞ்சத்தில் களஞ்சியம் திறந்திருக்கிறார். அவற்றையெல்லாம் கழித்துவிட்டால் எஞ்சுவது கல்லில் ஒரு துளை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் மருந்து கொடுப்பார்கள்.

அமைச்சர் சீராளின் மணத்தைப் பற்றிப் பேச வந்தது இதற்குப் பிறகு. "தேவியார் நூறாண்டு வாழவேண்டும்" என்று தொடங்கினார். அப்படித் தொடங்குகிறவர் எதை நோக்கிப் போகிறார் என்று தேவியாருக்குத் தெரியும். "ஆனாலும் நாடு ஒரே கண்ணை நம்பியிருப்பது சரியில்லை. சீராள் வந்தால் அதற்குச் சமமான இன்னொரு கண் திறக்கும். பெண் பத்தொன்பது வயது. நோய் நொடி இல்லாத குடும்பம்."

"மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்" என்றார் தேவியார்.

"அமைச்சனுக்கு வேறு வேலை என்ன, தேவி" என்றார் அவர். அவர் கெட்டவர் அல்லர். கீழ்நாட்டில் எத்தனை வாய், எத்தனை மாடு, எத்தனை கிணற்றில் கயிறு எட்டவில்லை என்பதை உறக்கத்திலும் சொல்லக்கூடியவர். அதனால்தான் தேவியாரால் அவரைச் சினந்துகொள்ளவும் முடியவில்லை.

தலையசைத்த பின் சில நாள் சென்று, கீழ்க்கொற்றூர் வழக்கு அவைக்கு வந்தது. அந்த வழக்கு வராதிருந்தால் இவ்வோலையும் வராது.

வழக்குத் தொடுத்தவள் தங்கள் நாட்டு மாதி. ஏரிக்கரைத் தெற்குச் சேரியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவள். அவள் மகள் வீரையைக் கீழ்க்கொற்றூரில் கொடுத்திருந்தாள். சென்ற ஆண்டு மழை பொய்க்குமுன், ஆனி மாதத்தில் வீரை காய்ச்சலில் இறந்துபோனாள். அப்போதுதான் நாற்று நட்டிருந்தார்கள். செய்தி மேலே போனால் வீரையின் கண் அடைபடும். ஆகவே செய்தி போகவில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து அவள் உயிரோடிருப்பதாக நடந்துகொண்டது. ஆடிக்கு மாதி புடவை அனுப்பினாள். வாங்கிக்கொண்டார்கள். கார்த்திகைக்குப் பொரியும் அப்பமும் அனுப்பினாள். அதையும் வாங்கிக்கொண்டு, வீரை வயலுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்கள். அறுவடை முடிந்து தை மாதத்தில் கரும்பும் வெல்லமும் சுமந்துகொண்டு மாதி தானே வந்து வாசலில் நின்றபோதுதான் சொன்னார்கள்.

அவையில் மாதி அழவில்லை. அவள் பேச்சு இவ்வாறு இருந்தது:

"பச்சைப் புடவை, தாயே. நானே போயி எடுத்தேன். கொண்டுபோன ஆளு திரும்பி வந்து, 'பச்சை அவளுக்கு எடுப்பா இருக்கு'ன்னு அவுக சொன்னதாச் சொன்னான். நான் ஆவணி பூரா அதை நெனச்சு நெனச்சுச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு அந்தச் சந்தோசத்தை என்ன பண்றதுன்னு தெரியல. அதைத் திருப்பி எங்க வைக்கிறது?"

வீரையின் கணவன் பெயர் மாறன். மெலிந்த ஆள். கூட்டத்துக்கு நடுவே குனிந்து நின்றான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்னான்: "நாத்து தண்ணிக்கு நின்னுச்சு, தாயே. இருக்கிற கண்ணுல ஒண்ணு கொறஞ்சாலும் ஊருக்கே சோறு இல்ல. பெரியவுக முடிவு பண்ணாக. நாங்க வாய்விட்டு அழவே இல்ல. எங்கம்மா வாயில துணியை வச்சுக்கிட்டு அழுதா. யாராவது வழிப்போக்கன் கேட்டுட்டு மேல போயிச் சொல்லிட்டா என்ன செய்யிறதுன்னு. எம்பொண்டாட்டிக்கு ஒருத்தரும் ஒரு ஒப்பாரி வைக்கல." பிறகு மாதியைப் பார்த்து, "அந்தப் புடவையை யாரும் கட்டல, அத்தை. பெட்டியிலதான் இருக்கு" என்றான்.

மாதி அவனைப் பார்த்தாள். "அதை எரிச்சிருக்கலாம்ல அவளோட" என்றாள்.

புடவை வந்து சேர்ந்தபோது வீரை எரிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தேவியார் நீதி சொல்லவேண்டிய இடம் இது. பொய் சொன்னவர்களுக்குத் தண்டம் உண்டு. ஆனால் ஒரு ஊரே பொய் சொல்லியிருக்கிறது. பொய் சொல்லாதிருந்தால் ஊரே பட்டினி கிடந்திருக்கும். தேவியார் கீழ்க்கொற்றூர்ப் பெரியவரை அழைத்து, உங்கள் ஊரில் ஏரி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றார். அதில் நீர் நிற்காதா என்றார் தேவியார். தூர்ந்து போயிற்று, மாடு குறுக்கே நடந்து போகிறது என்றார் அவர். தூர் எடுத்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டதற்கு அவர் சற்றே பெருமையோடு சொன்னார்: "எங்க ஊர்ல மேல்நாட்டு மருமக நெறயப் பேரு, தாயே."

அந்த மறுமொழி தேவியாரைத் தைத்தது. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, பல்லக்கு வேண்டாமென்று வண்டியில் ஏறிக் கீழ்நாட்டு ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். பார்த்த ஏரிகளில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. கரையில் கருவேலம் மண்டியிருந்தது. மிகைநீர் வழியும் கலிங்கு இடிந்து, அதன் கற்கள் யார் வீட்டிலோ படிக்கட்டாகியிருந்தன. மழை பெய்தாலும் பெய்த நீர் நிற்க இடமில்லை. வண்டி நின்ற இடத்திலெல்லாம் தேவியார் ஒரே கேள்வியைக் கேட்டார். ஒரே வகை விடை வந்தது. இந்த நாட்டில் தூர் எடுப்பதைவிடப் பெண் எடுப்பது எளிதாகிவிட்டிருக்கிறது. ஒரு திருமணத்தில் ஒரு நாள் விருந்து. தூர் எடுப்பதில் ஒரு கோடை முழுவதும் முதுகு வலி.

திரும்பி வரும் வழியெல்லாம் தேவியாருக்கு நினைவில் இருந்தது வேறொரு நாள். அந்த நாளைத் தாங்களும் அறிவீர்கள். தங்களுக்கும் தேவியாருக்கும் அத்தையானவர் கீழ்நாட்டில் இறந்த செய்தி வந்த நாள். செய்தி கொண்டுவந்தவன் முற்றத்தில் நின்று சொல்லி முடித்ததும், அன்னையார் வாயைத் திறந்தார். தந்தையார் கையை உயர்த்தினார். அன்னையார் வாயை மூடிக்கொண்டார். மதகு அடைத்த பின்னர்தான் அழவேண்டும் என்பது வழக்கம்; முன்னே அழுதால் அழுத வேளையெல்லாம் நீர் வீணே போகும் என்பார்கள். தந்தையார் ஏரிக்குப் போனார். தாங்கள் அப்போது மீசை அரும்பிய இளைஞர். களிமண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பின்னே போனீர்கள். சிறுமி நங்கை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே அன்னையாரும் மற்றப் பெண்களும் தலைவிரித்துப்போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தாங்கள் திரும்பி வரும் வரை காத்திருந்தார்கள். தாங்கள் வந்தீர்கள். கையில் களிமண் காய்ந்துகொண்டிருந்தது. அடைத்தாயிற்று என்றீர்கள். அதன் பிறகு அழுதார்கள்.

அதைப் பற்றித் தாங்களும் தேவியாரும் ஒருநாளும் பேசியதில்லை. மணமாகி வண்டியேறியபோது தேவியார் திரும்பிப் பார்த்தது தங்கள் முகத்தையன்று, தங்கள் கைகளை. இதைத் தாங்கள் அறியமாட்டீர்கள். இப்போது அறிக.

மேலே வாயைப் பொத்தினார்கள். கீழே வாயில் துணி வைத்தார்கள். ஒரே பெண்ணுக்காக இரண்டு வீடும் அழுகையை அடக்குகிற நாட்டைத் தாம் ஆள்கிறோம் என்பது தேவியாருக்குக் கூசியது.

மணத்தையும் மகள்நீர் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும் என்று தேவியார் அவையில் சொன்னதும் எழுந்த கூச்சல் தங்கள் செவிக்கும் எட்டியிருக்கும். அமைச்சர் மட்டும் கூச்சலிடவில்லை. "பெண் வேண்டாம், நீர் மட்டும் வேண்டும் என்றால் மேல்நாட்டார் என்ன சொல்வார்கள், தேவி" என்று கேட்டார். அதற்கு முன்பே தாங்கள் என்ன சொல்வீர்கள் என்று தேவியார் தமக்குள் பேசிப் பார்த்திருந்தார். ஐயப்பாட்டைத் தீர்க்கத் தங்களிடம் ஆள் அனுப்பிக் கேட்டபோது தங்கள் மறுமொழி அதே சொற்களில் வந்தது: "நங்கை, எங்களிடம் இருப்பது ஏரி. உங்களிடம் இருப்பது படை. நடுவே மகள்களை வைத்திருப்பதால்தான் நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள். அவர்கள் இல்லையென்றால் எடுத்துக்கொள்வீர்கள். அது போகட்டும். தண்ணீர் இல்லாமல் வரும் பெண்ணை உங்கள் ஊரில் யார் மதிப்பார்கள்? உன்னை மதித்தார்களே, எதற்கு என்று எண்ணிப் பார்."

எண்ணிப் பார்த்தார். தங்கள் சொல்லின் முதற்பாதிக்கு விடை கீழே கட்டளையாக வருகிறது. மறுபாதிக்குத் தேவியாரிடம் விடை இல்லை. தம் கணவர் தம்மை விரும்பினாரா என்று அவர் வாழ்ந்தபோது தேவியார் கேட்டதில்லை. கேட்டால் ஆம் என்றிருப்பார்; நல்ல மனிதர். அந்த ஆம் என்பதில் நீர் எவ்வளவு, நங்கை எவ்வளவு என்று பிரித்து அளக்கும் நாழி எந்த நாட்டிலும் இல்லை. மதிப்பு என்று எதைப் பெற்றுக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்தாரோ அது தம்முடையதுதானா என்பது தெரியாமலேயே போகவேண்டியிருப்பதுதான் இருமலைவிடத் தேவியாரை உறங்கவிடாமல் செய்கிறது. சீராளும் ஒருநாள் அதே சாளரத்தில் நின்று அதையே எண்ணவேண்டுமா என்பதுதான் கேள்வி. மதிக்கமாட்டார்கள் என்றால், மதிக்கவில்லை என்பதாவது அவளுக்குத் தெளிவாகத் தெரியட்டும். எழுந்து தன் வீட்டுக்கு வர அது உதவும்.

சீராளிடமும் ஆள் அனுப்பிக் கேட்கப்பட்டது. தங்களைக் கேளாமல் கேட்டது பிழையென்றால் தேவியார் தலைமேல். அவள் சொல்லி அனுப்பினாள்: "அத்தைக்கு வணக்கம். எந்தக் கண், எவ்வளவு அகலம் என்று எல்லாம் பேசி முடித்தார்கள். கல்தச்சன்கூட வந்து அளந்துவிட்டுப் போனான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நெடுவேள் அத்தானை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். மாங்காய் திருடத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர். கெட்ட ஆள் இல்லை. ஆனால் கேட்கவில்லையே, அத்தை."

இதை அவையில் படித்தபோது இளவரசர் நெடுவேள் காது சிவந்தார். பிறகு தாமே எழுந்து, மாங்காய்த் தோட்டத்துக் காவலன் அன்று முன்கூட்டியே வந்துவிட்டான் என்று விளக்கம் சொன்னார். விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. அதன் பின் அவர் சொன்னதுதான் அவையை அடக்கியது: "அம்மா, நான் மேலே போகிறேன். மாப்பிள்ளையாக இல்லை. மண்வெட்டியோடு."

அவர் புறப்பட்டுவிட்டார். இவ்வோலை தங்கள் கையில் இருக்கும்போது அவரும், கீழ்க்கொற்றூர் மாறனும், வேறு பல ஊர்களின் ஆண்களும் பெண்களும் கூடையும் மண்வெட்டியும் வேல் இல்லாத கைகளுமாய்த் தாழையாற்றங்கரை வழியே வந்துகொண்டிருப்பார்கள். மாறன் போவது தேவியாரின் தீர்ப்பு. அவன் ஊரார் முறைவைத்து மாதியின் கொடிக்காலுக்கு அவள் உயிருள்ளவரை நீர் சுமக்கவேண்டும் என்பதும், ஊர் கூடி வீரைக்குத் தெருவில் நின்று வாய்விட்டு ஒப்பாரி வைக்கவேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் பகுதி. ஒப்பாரி வைத்தாயிற்று. மாதி அதை நின்று கேட்டாள். பச்சைப் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

வருகிறவர்களைப் படையென்று எண்ணிக் கரையில் ஆள் நிறுத்தவேண்டாம். ஏரி இறங்கிக் கிடக்கும் இந்தக் கோடையில் அதன் வயிற்றில் தூர் எடுப்பார்கள். எடுத்த வண்டல் முழுவதும் மேல்நாட்டு வயல்களுக்கு. இனி ஒவ்வொரு கோடையிலும் வருவார்கள். மகளைக் கொடுத்தால்தான் கேட்டு வாங்குவார்கள் என்றீர்கள். முதுகை வளைத்துக் கேட்டு வாங்கப் பழகட்டும்.

இனிக் கட்டளை.

இந்நாள்முதல் மகள்நீர் என்னும் வழக்கம் இருநாட்டிலும் ஒழிந்தது. வானேந்தல் மதகின் கண்கள் எந்தப் பெண்ணின் பெயராலும் அழைக்கப்படா. கல்லில் வெட்டிய பெயர்களை உளி கொண்டு அழிக்கவேண்டாம். அவை அங்கே வாழ்ந்தவர்களின் நினைவாக இருக்கட்டும். ஆனால் நீர் அவற்றைப் பார்த்து ஓடவேண்டாம்.

நீர் முதலில் குடிக்கும் வாய்களுக்கு; அடுத்து ஆடுமாடுகளுக்கு; அடுத்து நின்றுகொண்டிருக்கும் பயிருக்கு; புதிதாக நடும் நெல்லுக்குக் கடைசியில். மேல்நாட்டு வாயும் கீழ்நாட்டு வாயும் ஒன்றே. மழை குறைந்த ஆண்டில் இரண்டாம் போகம் நெல் இருநாட்டிலும் கூடாது. வரகும் கம்பும் விதைக்கட்டும். அரண்மனையும் அதையே உண்ணும். அரண்மனைப் பூந்தோட்டத்து வாய்க்கால் சில நாள் முன்னரே அடைக்கப்பட்டது. தேவியார் நட்ட செண்பகம் வாடத் தொடங்கியிருக்கிறது. அதைப் பார்க்க வருத்தமாயிருக்கிறது என்பதையும் எழுதச் சொன்னார்.

தன் ஏரியில் தூர் எடுக்காத ஊருக்கு வானேந்தலில் பங்கில்லை. கலிங்குக் கல்லைப் பெயர்த்து வீட்டில் வைத்திருப்பவர் யாராயினும் திருப்பி வைக்க. மேல்நாட்டார் கலிங்கின்மேல் பலகையும் மண்ணும் வைத்து நீரை உயர்த்திக் கட்டவேண்டாம். கரை உடைந்தால் முதலில் போவது அவர்கள் தெற்குச் சேரி. ஏரியின் அடிநீரை யாரும் தொடவேண்டாம். அது மீனுக்கும், பறவைக்கும், அடுத்த ஆண்டு மழை பொய்த்தால் அப்போது பிழைத்திருப்பவர்களுக்கும் உரியது.

எந்தக் கண் எப்போது திறப்பது என்பதை இருநாட்டாரும் சேர்ந்த ஏரிவாரியம் ஏரிக்கரையில் கூடி, கண்ணால் நீரைப் பார்த்து முடிவு செய்க. அதில் பெண்களும் அமர்க. மாதியை முதலில் அழைக்க. அவள் வரமாட்டேன் என்றால் மறுபடியும் அழைக்க.

இதற்குத் தாங்கள் இசையாவிடில் தேவியார் படை அனுப்பமாட்டார். தாமே வந்து மதகடியில் அமர்வார். இருமலோடு வருவார். மருத்துவர் தடுப்பார், கேட்கமாட்டார். தங்கள் தங்கையின் பிடிவாதத்தைத் தாங்கள் அறிவீர்கள்.

சீராளின் மணத்துக்குக் குறித்த நாள் விலக்கப்பட்டது. நெடுவேள் அங்கே தூர் எடுக்கும் கோடை முழுவதும் அவள் அவரைப் பார்க்கட்டும். சேற்றில் நிற்கும் ஆளைப் பார்ப்பது பட்டில் நிற்கும் ஆளைப் பார்ப்பதைவிட நல்லது. கோடை முடிந்து, கேட்கவேண்டியவர்கள் அவளைக் கேட்டு, அவள் சரி என்றால் மணம் நடக்கட்டும். அவள் இல்லை என்றால் நெடுவேள் கூடையோடு திரும்பி வரட்டும். நடந்தால் தாரை வார்க்க ஒரு செம்பு நீர் போதும். அதற்கு மேல் ஒரு துளியும் அவளோடு வரவேண்டாம்.

இவையெல்லாம் நாட்டுக்கு இட்ட கட்டளை. கோயில் வாசலிலும் சந்தையிலும் ஏரிக்கரையிலும் படித்துக் காட்டுக. இனி வருவது தங்களுக்கு மட்டும் இட்டது. இதைப் படித்துக் காட்டவேண்டாம்.

வழக்கப்படி இவ்விடத்தில் ஓலையைச் சுருட்டிக் களிமண் அப்பி இலச்சினை இடுவார்கள். களிமண் கொண்டுவந்த பணிப்பெண்ணைத் தேவியார் திருப்பி அனுப்பினார். அரக்கு உருக்கி வரச் சொன்னார். அது வரும் வரை சாளரத்தில் நின்றார். இருமினார். பின்னர் ஓலைநாயகத்தைப் பாராமல் இதைச் சொன்னார், சொன்னபடி எழுதப்பட்டது.

நங்கை இறந்தாள் என்ற செய்தி தங்கள் முற்றத்துக்கு வரும் நாளில் மதகடிக்கு யாரும் போகவேண்டாம். தாங்கள் போகவேண்டாம். கண் அது பாட்டுக்கு ஓடட்டும். அண்ணியாரையும் சீராளையும் கையுயர்த்தி அடக்கவேண்டாம். செய்தி சொன்னவன் சொல்லி முடிக்குமுன்னே அழலாம். தாங்களும் அழுக.

இது வேங்கைமூதூர் ஆளும் பெருந்தேவியின் கட்டளை. மாற்றுதற்கு இல்லை.

அரக்கு இலச்சினை இடப்பட்டது. ஏரி நிறைக.